கல்லெறிந்த ஊர்

வாந்திபேதி வந்த ஊருக்கும் வரப்போகிற ஊருக்கும் வைத்தியர் மருதவாணர்தான் தெய்வம். சீடன் கூத்தனோடு போய் இறங்குவார். தம் குரு கொடுத்த கலயத்தை ஊர்க் கிணற்றில் முக்கி, மருந்து கலந்து, வீடு வீடாகக் கொடுப்பார். கழுவினால் வீரியம் போய்விடுமாம், அந்தக் கலயத்தைத் தலைமுறை தலைமுறையாக யாரும் கழுவியதில்லை.

கருக்குவாய் ஊர்க்காரர்கள் மட்டும் எல்லையிலேயே கல்லால் அடித்து விரட்டினார்கள். வெளியாள் ஒருவனும் உள்ளே வரக்கூடாதாம். ஒரு கல் வைத்தியரின் நெற்றியைப் பிளந்தது. நன்றிகெட்ட ஜனங்கள், செத்தால்தான் புத்தி வரும் என்று கூத்தன் வயிறெரிந்து வைதான்.

அவர்கள் சாகவில்லை. அதுதான் கூத்தனை உறுத்தியது. எந்த ஊரில் முதல் பாடை எப்போது கிளம்பியது என்று போகிற வருகிற வண்டிக்காரர்களிடமெல்லாம் விசாரித்தான். தங்கியிருந்த சத்திரத்துக்குத் திரும்பி வந்து வைத்தியர் முன்னால் நின்றான்.

"ஐயா, பேதி நமக்கு முன்னால போகல. நமக்குப் பின்னால வருது."

வைத்தியர் நெற்றிக் காயத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கலயமா, கையா, கட்டியிருக்கிற துணியா? எதுன்னு எனக்குத் தெரியலையே கூத்தா."

அந்த நேரம் பார்த்து மேலக்கரட்டிலிருந்து வண்டி வந்து நின்றது. கூத்தனின் அக்காள் புருஷன் வேலப்பன் மாலையும் கையுமாக இறங்கினான். அவர்கள் ஊரில் இன்னும் பேதி இல்லை. அது வருவதற்குள் ஐயா வந்து காப்பாற்ற வேண்டும் என்றான்.

கூத்தன் உள்ளதை உள்ளபடி சொன்னான். வேலப்பன் நம்பவில்லை. இத்தனை ஊருக்கு மருந்து கொடுத்த கையைப் போய் இப்படிப் பேசலாமா என்று மைத்துனனைக் கடிந்துகொண்டான். பிறகு வைத்தியரின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஏறாம இந்த வண்டி திரும்பாதுங்க ஐயா."

வைத்தியர் காலை உருவிக்கொண்டு எழுந்தார். வாசலில் கிடந்த கல்லை எடுத்து வீசினார். வேலப்பனின் தோளில் பட்டது. அவன் நம்ப முடியாமல் பார்த்தான். ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கூத்தன் பதறிப்போய் வைத்தியரின் கையைப் பிடித்தான்.

"ஐயா, எங்க அக்கா இருக்கிற ஊருய்யா அது."

வைத்தியர் இன்னொரு கல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அக்கா இருக்கிற ஊருதானே. குறி தப்பாம எறி."