தணிகாசலம் மீன் தொட்டிக்கு லைட் மாட்டிய விதம்

கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்ன பிறகு கேட்குமே, அந்த ரகம். ஹாலில் சம்மணம் போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி, எங்கிருந்து வருகிறதென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் சுவரிலிருந்த மாதக் காலண்டர் நடுங்கியது. பதினேழாம் தேதி புடைத்தது. அதைத் துளைத்துக்கொண்டு ஒரு இரும்பு மூக்கு வெளியே வந்து, நாலு சுற்று சுற்றிவிட்டு, வீடு மாறி நுழைந்தவன் மாதிரி சட்டென்று உள்ளே போய்விட்டது. முறத்திலிருந்த வெங்காயத்தின் மேல் செங்கல் தூள் விழுந்தது.

வில்லிவாக்கத்தில் அந்த வீட்டை இரண்டு போர்ஷனாகப் பிரிப்பது அந்த நாலரை இஞ்சுச் சுவர்தான். அவள் புருஷன் ஏகாம்பரம், கட்டட ஓவர்சியராக இருந்து ரிடையர் ஆனவர், கூடவே நின்று கட்டவைத்தது. பக்கத்துப் போர்ஷனைத் தணிகாசலத்துக்கு வாடகைக்கு விட்டபோது அவர் சொன்னது ஒரே கண்டிஷன்: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. அடிச்சா அன்னிக்கே சாமானைத் தூக்கிக்கணும்."

சாமான் என்றால் தணிகாசலத்துக்கு முதலில் அந்த நாலடி மீன் தொட்டி. இதற்குள் மூன்று வீடு மாறியாகிவிட்டது. மாறும்போதெல்லாம் பக்கெட்டிலேயே பாதி மீன் செத்தது. இன்னொரு மாற்றலைத் தொட்டி தாங்காது.

மங்கையர்க்கரசி கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கதவு திறந்தே இருந்தது. தொட்டிக்கு மேலே சுவரில் இடது உள்ளங்கையைப் பதித்தபடி தணிகாசலம் நின்றிருந்தான். ஸ்டூலில் ஏதோ ஒன்று துண்டு போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. துண்டுக்கடியிலிருந்து ஒரு ஒயர் ஸ்விட்ச் போர்டுக்குப் போனது. அவன் பெண்டாட்டி எழிலரசி சமையல்கட்டு வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா தணிகாசலம், சுவத்துக்குக் காய்ச்சலா?"

"சும்மாம்மா. லைட்டு எங்க வரும்னு கையால அளந்து பாக்கறேன்."

"சுவத்துல மாட்டப் போறியா?"

"சுவத்துல மாட்டறவனெல்லாம் ஒரு ஆளாம்மா? நான் இதுவரைக்கும் எந்தச் சுவத்தையும் தொட்டதே கிடையாது."

தொட்டுக்கொண்டே சொன்னான்.

அவள் அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக இஞ்சையும் அடியையும் தவிர வேறெதுவும் பேசாத மனிதரோடு குடித்தனம் பண்ணுகிறவள் அவள். ஒரு நல்ல புளுகு கேட்டு எத்தனை நாளாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பின்ன எப்படித்தான் மாட்டுவ?"

"பெரம்பூர் வீட்டுல ஃபேன் கொக்கியிலேர்ந்து கட்டித் தொங்கவிட்டேன். கயிறு இல்ல, இவ தலைமுடி. ஒண்ணே ஒண்ணு. நாலடி லைட்டு பதினோரு மாசம் தொங்குச்சு. நாங்க காலி பண்ணதும் அந்த ஓனர் அதே முடியில ஊஞ்சல் கட்டிக்கிட்டார்."

"எனக்குத் தெரியாம எப்பங்க எடுத்தீங்க?" என்றாள் எழிலரசி.

"நீ தூங்கும்போது."

"உங்க தொட்டி பம்பு சத்தத்துல நான் என்னிக்குத் தூங்கினேன்?"

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அயனாவரம் வீட்டுல கொக்கியே கிடையாதும்மா. பிவிசி பைப்பை அறுத்து, எல்போ போட்டு, தொட்டிக்குப் பந்தக்கால் மாதிரி நாலு கால் நிறுத்தினேன். அந்த வெளிச்சத்துக்குத் தொட்டியில இருந்த புல்லு வளந்துச்சு பாருங்க, பைப்போட சேத்து லைட்டையே தலையில தூக்கிக்கிச்சு. ஒரு நாளைக்கு ஒரு சாண். மாசக் கடைசியில மூணாவது மாடியில நிக்குது. அங்க ஒரு பையன் அந்த வெளிச்சத்துலதான் இன்ஜினீயரிங் படிச்சான்."

"பாஸ் பண்ணானா?"

"ரெண்டு அரியர் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது இல்லையா."

"அது சரி. நடுவுல ரெண்டு தளம் இருந்திருக்குமே. ஓட்டை போடாம எப்படி மேல போச்சு?"

ஓட்டை என்றதும் அவன் உள்ளங்கை இன்னும் அழுந்தியது. சட்டைக் கையில் சிவப்பாகத் தூள் இறங்கியது. "படிக்கட்டு வழியாம்மா. அந்தப் புல்லுக்குப் படியேறத் தெரியும்."

"நல்ல புல்லு."

"அதை விடுங்க. கொளத்தூர் ஓனர் இருக்காரே, அவர் கயிறும் கூடாதுன்னுட்டார், பைப்பும் கூடாதுன்னுட்டார். நான் அசரலையே. ரெண்டு கெளுத்தியைப் பழக்கினேன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மீசையில லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எட்டு மணி நேரம் ஆடாம நிக்கும்."

"லீவு உண்டா?"

"ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு நான் பிடிச்சுப்பேன். அந்த லைட்டுக்குத் தெருச் சேவலெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கே கூவிடுச்சும்மா. பால்காரர் வந்துட்டார். ஸ்கூல் ஆட்டோ வந்துடுச்சு. எல்லாரும் வேலைக்குப் போய், திரும்பி வந்து, சாப்பிட்டுப் படுத்தா, அப்பதான் நிஜமாவே விடியுது. ஒரு நாளுக்குள்ள ரெண்டு நாள் வாழ்ந்தோம் அந்தத் தெருவுல. என்னைப் பாருங்க, வயசு நாப்பத்தி ரெண்டு. பாக்கறவங்க அம்பதுன்னுதான் சொல்றாங்க."

"அது அதனால இல்லம்மா." எழிலரசியின் குரல் இறங்கியிருந்தது. "பதினாறு வருஷமா பேக்கரியில ராத்திரி வேலை. பகல்ல ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கறார். எழுந்திருக்கும்போது பொழுது போயிடுது. இவர் வெயில்னு பாக்கறது இந்த லைட்டைத்தான். பழசு போன வாரம் ஃபியூஸ் ஆயிடுச்சு."

இருட்டுத் தொட்டியில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போனது.

"கையை எடுத்துட்டு உக்காந்து சொல்லேன்ப்பா," என்றாள் மங்கையர்க்கரசி. "வலிக்கப் போவுது."

"எடுக்க முடியாதும்மா. மத்தியானத்துலேர்ந்து இந்தச் சுவர் சாயுது. நான்தான் தாங்கிப் பிடிச்சிட்டிருக்கேன். விட்டா உங்க பக்கம்தான் விழும். உங்களுக்காகத்தான் நிக்கறேன்."

"அப்ப விடாத. விட்டா எங்க ஹால் தெரியும்."

தணிகாசலத்தின் கை தானாக வழுக்கி இறங்கியது. ஓட்டைக்குள் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"நாங்க சாமான் கட்ட ஆரம்பிக்கட்டுமாம்மா?" என்றாள் எழிலரசி.

மங்கையர்க்கரசி எழுந்தாள். "முதல்ல லைட்டை எதுலயாவது கட்டச் சொல்லு. மீனுங்க பாவம்." தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பக்கத்தில் பீரோவை நகர்த்துகிற சத்தமும், ஜன்னல் கம்பியில் நைலான் கயிறு உரசுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் வந்து நின்றது. ஏகாம்பரம் உள்ளே கால் வைத்ததும் காலண்டரைப் பார்த்தார்.

"பதினேழாந் தேதி எங்க?"

முப்பத்திரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. பழக்கமில்லாததால் ஒரே மூச்சாகச் சொன்னாள். "ஒரு வண்டுங்க. கறுப்பா, விரல் நீளம். அந்தப் பக்கத்துலேர்ந்து முட்டுச்சு. உங்க சுவராச்சே, மூணு தடவை மூக்கு உடைஞ்சு திரும்பிப் போச்சு. நாலாவது தடவை எங்கேயோ போய்ச் சாணை பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. அப்பவும் அரை மணி நேரம் ஆச்சுங்க. வேற யாராவது கட்டின சுவரா இருந்தா இந்நேரம் நாலு வீடு தாண்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்."

ஏகாம்பரம் காலண்டரைக் கழற்றினார். சுண்டுவிரல் நுனியை ஓட்டையில் வைத்துப் பார்த்தார்.

"எட்டு எம்எம் வண்டு," என்றார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தார். அந்தப் பக்கம் லைட் எரிந்தது. அவர் கன்னத்தில் நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தது. வெகுநேரம் பார்த்தார். மங்கையர்க்கரசி நின்றபடியே இருந்தாள்.

"வண்டுக்கு மட்டம் பாக்கத் தெரியல," என்றார் நிமிர்ந்து. "லைட்டு இடது பக்கம் முக்கால் இஞ்சு இறங்கியிருக்கு."

பரணிலிருந்து ரசமட்டத்தையும் ஒரு டப்பா ஸ்க்ரூவையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், பக்கத்துப் போர்ஷனுக்கு நடந்தார்.

மங்கையர்க்கரசி முறத்தை எடுத்து, செங்கல் தூளை ஊதிவிட்டு, அடுத்த வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.