இரண்டு துப்பாக்கியில் பிறந்த ஒரு துப்பாக்கி

பாதிக் கதையிலேயே "விடை எனக்குத் தெரியும்" என்று கையைத் தூக்குகிற கெட்டிக்காரர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும். இந்தக் கதையை முழுதாகக் கேட்டவர்களே தலையைச் சொறிந்திருக்கிறார்கள்.

கரடிப்பாறை ஜமீனில் தாண்டவ ஆசாரி செய்த வேட்டைத் துப்பாக்கிக்குத் தனி மதிப்பு. குறி தப்பாது. ஆனால் ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் சேராது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் உறுப்பை அரத்தால் ராவி ராவித்தான் அவர் பொருத்துவார். காட்டில் ஏதாவது உடைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி அவரிடமே வரவேண்டும். பட்டறையில் அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். ஒரு துப்பாக்கியில் ஒரே பெயர்தான் வெட்டலாம். அதன் எல்லா உறுப்பிலும் எவர் கை பட்டதோ அவர் பெயர்.

ஆசாரி காலமானபோது மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவன் பரமகுரு, அடுத்தவன் சிங்காரம், கடைக்குட்டி தையல்நாயகி. மூவரும் ஒரே உலைக்களத்தில் தொழில் படித்தவர்கள். வேலையில் எவரும் சளைத்தவர் இல்லை, வீறாப்பிலும் இல்லை. பட்டறை இனி யார் பெயரில் நடக்கும் என்பதுதான் தீரவில்லை.

அந்தச் சமயத்தில் மலையில் ஒரு சிறுத்தை ஆள் தின்னப் பழகிவிட்டது. விளைந்த தினையை அறுக்கப் போக ஆளில்லை. ஜமீன்தார் பூச்சய நாயக்கர் மூவரையும் அழைத்தார். ஆளுக்கொரு துப்பாக்கி செய்யுங்கள், சிறுத்தையை வீழ்த்தும் துப்பாக்கியில் எவர் பெயர் ஏறுகிறதோ, பட்டறையும் அவர் பெயருக்கே என்றார்.

தையல்நாயகி மட்டும் துப்பாக்கி செய்ய மறுத்தாள். மலையில் தூக்கிப்போக வசதியாக, குழல், தோளில் அணைக்கும் கட்டை, கதவுத் தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளிப் பூட்டும் தாழ் என்று மூன்றாகக் கழலும் துப்பாக்கியை அண்ணன்மார் செய்யட்டும் என்றாள். தான் எஃகில் அளவுக்கட்டைகள் செய்வதாகவும், அந்த அளவில் தேறாத எதுவும் பட்டறையை விட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னாள். போட்டியில் ஒரு ஆள் குறைந்த சந்தோஷத்தில் இருவரும் உடனே தலையாட்டினார்கள்.

பிறகுதான் வந்தது தலைவலி. அண்ணன்மார் செய்த ஒவ்வொரு உறுப்பையும் அவளே கையில் வாங்கி, அளவுக்கட்டையில் நுழைத்துப் பார்த்து, தேறாததைத் திருப்பி எறிந்தாள். பரமகுருவின் குழல் திரும்பி வந்தபோது அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடவே வரவில்லை. சிங்காரம் தன் தாழுக்காகக் கெஞ்சினான்.

"என் குழலுக்கு வெண்ணெ மாதிரி வழுக்கிப் போவுதே தாயி, இன்னும் என்ன?"

"உங்க குழலுக்குச் சேந்தாப் போதாது சின்னண்ணே. பெரியண்ணன் குழலுக்கும் சேரணும்."

எதிராளியின் துப்பாக்கிக்கு நான் ஏன் உறுப்பு செய்ய வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் புதிதாக ஒரு தாழ் செய்தான்.

இரண்டு துப்பாக்கிகளும் மலையேறின. பரமகுரு செய்தது வேட்டைக்காரன் மாதையன் தோளில், சிங்காரம் செய்தது அவன் கூட்டாளி சடையாண்டி தோளில். பாறையிடுக்கிலிருந்து சிறுத்தை பாய்ந்தது சடையாண்டி மேல். அவன் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துத் தடுத்தான். உயிர் தப்பியது, குழல் பாறையில் மோதி வளைந்துபோனது. காப்பாற்ற ஓடிவந்த மாதையன் கால் இடறி விழுந்ததில், அவன் துப்பாக்கியின் தாழ் முறிந்து கட்டை பிளந்தது. சிறுத்தை எட்டடி பின்வாங்கி, மறுபடி பாயப் பதுங்கியது. கையில் இரண்டு துப்பாக்கி, ஒன்றும் சுடாது.

மாதையன் தன் குழலைக் கழற்றினான். சடையாண்டியின் வளைந்த குழலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன்னுடையதை அந்தக் கட்டையில் பூட்டினான். சிங்காரத்தின் தாழ் பரமகுருவின் குழலுக்குள் கடக்கென்று போய் உட்கார்ந்தது. தாண்டவ ஆசாரி காலத்தில் இது நடந்திருந்தால் மறுநாள் இரண்டு பிணம்தான் இறங்கியிருக்கும். அன்று இறங்கியது மூங்கிலில் கட்டிய சிறுத்தை. வழியெல்லாம் குலவைச் சத்தம். மலையே நெஞ்சு நிமிர்த்திய நாள் அது.

குலவை அடங்குவதற்குள் ஜமீன் வாசலில் சண்டை தொடங்கிவிட்டது. சிறுத்தையின் நெற்றிக்குக் குண்டைக் கொண்டுசேர்த்தது தன் குழல் என்றான் பரமகுரு. வெடிக்க வைத்தது தன் தாழ், தாங்கியது தன் கட்டை, மூன்றில் இரண்டு தன்னுடையது என்றான் சிங்காரம். தையல்நாயகி நாயக்கர் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தத் துப்பாக்கி என்னுதுங்க ஐயா."

அண்ணன்மார் அன்று முதல்முறையாக ஒன்றாகச் சிரித்தார்கள். இவள் செய்த ஒரு ஆணிகூட அதில் இல்லையே என்றார்கள். அது உண்மைதான். நாயக்கரே திகைத்துப்போனார்.

குழல் செய்தவன், தாழும் கட்டையும் செய்தவன், அளவு மட்டுமே செய்தவள். இப்போது கையைத் தூக்கலாம். அந்தத் துப்பாக்கியில் யார் பெயரை வெட்டுவது சரி?

விடை: தையல்நாயகியின் பெயரைத்தான். ஆசாரி வைத்த சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பரமகுருவின் கை அந்தத் தாழில் படவில்லை. சிங்காரத்தின் கை அந்தக் குழலில் படவில்லை. எல்லா உறுப்பையும் வாங்கித் தேர்ந்த கை அவளுடையது மட்டுமே. அண்ணன்மார் செய்தவை இரண்டு துப்பாக்கிகள், இரண்டும் மலையில் செத்துப்போயின. சிறுத்தையைச் சுட்டது மூன்றாவது துப்பாக்கி. அது அவள் அளவில் பிறந்தது. நாயக்கர் இப்படித் தீர்ப்புச் சொன்னதும் பரமகுரு முன்னால் வந்தான். உளியைத் தானே கேட்டு வாங்கி, தங்கை பெயரைத் தன் கையாலேயே குழலில் வெட்டினான். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அதைத் திருத்தட்டுமா என்று சிங்காரம் அரத்தோடு வந்தபோது, தையல்நாயகி துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டாள்.