முந்நூறு அடி தள்ளி

எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்னும் அட்மிஷன் நடக்கிறது. அந்தக் கல்லூரியில் 'விண்வேகம்' என்று ஒரு ராக்கெட் குழு. குழு என்றால் மூன்று பேர். நாலாம் ஆண்டு லோகநாதன் கேப்டன். அவன் வகுப்புத் தோழன் அல்போன்ஸுக்கு வயரிங் வேலை. இரண்டாம் ஆண்டு சுடர்மதிக்கு வருகைப் பதிவேடு.

ராக்கெட்டின் பாராசூட்டை வடிவமைத்ததே சுடர்மதிதான். ஆனாலும், "பொண்ணுங்க கையெழுத்து அழகா இருக்கும்" என்று பதிவேட்டை அவள் தலையில் கட்டினார்கள். அவள் கையெழுத்தோ கோழி கிளறிய குப்பை. ஒன்றரை மாதம் வாதாடி, கடைசியில் ஒன்றைச் சாதித்துவிட்டாள். போட்டியில் ராக்கெட்டைக் கிளப்பும் பட்டனை அவள்தான் அழுத்துவாள். இதைக் கேப்டனிடம் எழுதியும் வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு பட்டனுக்காகத்தான் இருவரையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கு முன்னால், நடத்துபவர்களிடமிருந்து விதிமுறைக் கடிதம் வந்தது. 'ராக்கெட்டின் முனை எப்போதும் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.'

"எப்பவும்னா எப்பவும்தான்," என்றான் லோகநாதன்.

எட்டடி ராக்கெட்டை மினி லாரியில் நட்டமாக நிறுத்தி, மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். ரயில்வே பாலம் வந்தது. அடியில் போனால் முனை பாலத்தைப் பார்க்கும். படுக்கவைத்தால் லாரிக்காரரைப் பார்க்கும். ஆகவே பாலமே இல்லாத ஊர்கள் வழியாகச் சுற்றினார்கள். மூன்று மணி நேரப் பயணம் பதினோரு மணி நேரம் ஆனது. ஓர் ஊரில் ராக்கெட்டுக்குச் சூடம் காட்டினார்கள். அல்போன்ஸ் மரியாதையாகத் திருநீறு வாங்கிக்கொண்டான்.

போட்டி நடந்தது ஒரு வறண்ட கண்மாயில். நடுவர் மேடம் மைக்கில் சொன்னார்: "ராக்கெட் பக்கத்துல குழுவினர் யாரும் நிக்கக் கூடாது. முந்நூறு அடி தள்ளி நிக்கணும்."

மூவரும் ராக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்கள். டேப் பிடித்து அளந்து, எதற்கும் இருக்கட்டுமென்று மூன்று அங்குலம் சேர்த்தே நின்றார்கள்.

"இப்போ அதைக் கிளப்புற மேடைக்கு யாருடா கொண்டுபோறது?" என்றான் அல்போன்ஸ்.

"நாம போகக் கூடாது."

"அதுவா நடந்து போயிடுமா?"

"நடக்குற மாதிரி டிசைன் பண்ணலையே," என்றான் லோகநாதன், உண்மையான வருத்தத்தோடு.

சுடர்மதிக்குப் பட்டன் கைநழுவிப் போவது போலிருந்தது. "அண்ணா, இன்ஜின் இல்லாத ராக்கெட் ராக்கெட்டா? அது வெறும் குழாய். குழாய் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. இன்ஜின் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. குழாயைத் தூக்கிப்போய் மேடையில் நிறுத்தினார்கள். இன்ஜினை உள்ளே தள்ளப்போகும் நேரத்தில் அல்போன்ஸ் தடுத்தான்.

"உள்ள போன மறுநொடி இது ராக்கெட். தள்ளின ஆள் அதை ஒட்டியே நிப்பான்."

மூவரும் யோசித்தார்கள்.

"தள்ளுற ஆள் குழுவுலயே இல்லேன்னா?" என்றாள் சுடர்மதி. பதிவேட்டில் ஒரு தாளைக் கிழித்து ராஜினாமா எழுதினாள். "உன் சேவையைக் குழு மறக்காதும்மா" என்று கேப்டன் ஏற்றுக்கொண்டான். மற்ற இருவரும் முந்நூறு அடி தள்ளி ஓடியதும் அவள் இன்ஜினைத் தள்ளினாள். வயரை மாட்ட அல்போன்ஸ் ராஜினாமா செய்தான். ராக்கெட்டின் பாதுகாப்புப் பூட்டைத் திறக்க லோகநாதன் தன்னிடமே ராஜினாமா கொடுத்தான். இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை கனத்த மனதோடு ஏற்றுக்கொண்டான்.

பட்டன் இருந்தது முந்நூறு அடிக்கு அப்பால், நடுவரின் மேஜையில். மூவரும் அங்கே வந்தார்கள்.

"விண்வேகம் குழு இருக்கீங்களா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்," என்றான் லோகநாதன். "பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் இருந்தாங்க. நல்ல பசங்க."

அப்போதுதான் சுடர்மதிக்கு உறைத்தது. குழுவில் உள்ளவர்தான் பட்டனை அழுத்தலாம்.

"அண்ணா, என்னைத் திரும்பச் சேத்துக்குங்க."

"நானே வெளியாள். எந்த உரிமையில உன்னைச் சேர்ப்பேன்?"

"இன்னும் நாலு நிமிஷம்தான்," என்றார் மேடம்.

சுடர்மதி இன்னொரு தாளைக் கிழித்தாள். 'சுடர்வேகம்' என்று புதுக் குழு ஆரம்பித்தாள். தன்னையே கேப்டனாகத் தேர்ந்தெடுத்தாள், ஒரு ஓட்டு வித்தியாசத்தில். தாளை மேடத்திடம் நீட்டினாள்.

"யாராவது அழுத்தித் தொலைங்கம்மா," என்றார் மேடம்.

அழுத்தினாள். ராக்கெட் கோடு கிழித்தாற்போல் சொன்ன உயரத்துக்குப் போனது. அவளுடைய பாராசூட் விரிந்து, பூப்போல இறங்கியது. கண்மாயே கைதட்டியது.

"முதல் பரிசு உங்களுக்குத்தான்," என்று பேனாவைத் திறந்தார் மேடம்.

சுடர்மதி சிரிக்கவில்லை. "மேடம், ஒரு புகார். பறந்தது விண்வேகத்தோட ராக்கெட். அழுத்தினது சுடர்வேகம் கேப்டன். அடுத்த குழு ராக்கெட்டை ஒருத்தி தன்னிஷ்டத்துக்குக் கிளப்பி விட்டுட்டா. கேக்க ஆளில்லையா?"

"அந்த ஒருத்தி நீங்கதானேம்மா?"

"ஆளைப் பாத்து நியாயம் பேசுற பழக்கம் எனக்கில்ல மேடம்."

நாற்பது நிமிடம் வாதாடினாள். மேடம் மூன்று சொம்பு தண்ணீர் குடித்தார். கடைசியில் 'சுடர்வேகம் தகுதி நீக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லோகநாதனும் அல்போன்ஸும் அவளைத் தோளில் தூக்காத குறை.

அவளோ மறுபடி உட்கார்ந்து தாள் கிழித்தாள்.

"ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன எழுதுற?" என்றான் அல்போன்ஸ்.

"அப்பீல். எவளோ ஒருத்தி என் மேல அபாண்டமா புகார் குடுத்திருக்கா. சும்மா விட்டுடுவேனா?"