ஏரிக்கரையில் எல்லைக்கோடு போன நாள்

மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே மாவட்டமாக இருந்த அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் பேச வரும். வாயை மூடத்தான் வராது. யானைதான் ஆட்சி செய்தது. கடலோர நண்டு ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் பக்கவாட்டிலேயே நடந்து மலையேற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். யானைக்கே அலுத்துவிட்டது.

"மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு தாலுகா, தாலுகாவுக்கு மூன்று பிர்க்கா" என்றது.

உடனே எல்லாருக்கும் ஒரே கவலை, புது மாவட்டத்துக்குத் தலைநகர் எது என்று. எல்லை யார் வீட்டு வழியாகப் போகிறது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை.

எல்லையை நடந்து குறிக்கும் வேலை நெடுங்காலன் என்ற பறவைக்குக் கிடைத்தது. தொலைவிலிருக்கும் பனையைக் குறிவைத்து, கீழே பார்க்காமல், காலால் கோடு கிழித்தபடி நடக்க வேண்டும். ஆட்சேபணை இருப்பவர்கள் அவன் கடந்துபோவதற்குள் கத்த வேண்டும். கத்தினால் கோடு வளையும். அப்புறம் கத்தினால் செல்லாது.

அவன் மனைவி செங்கண்ணி ஏரிக்கரையில் புல்லால் கூடு கட்டி, நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். கோடு நேரே அவள் கூட்டைப் பார்த்து வந்தது.

"கத்துடி!" என்றது பக்கத்தில் நின்ற கொக்கு. "உன் வீட்டுக்காரர் பனையைப் பார்த்துக்கிட்டே வர்றார். கூட்டை ரெண்டாக்கிடுவார்."

"சும்மா இருங்கக்கா. இங்கே கோடு வளைஞ்சா ஏரி அந்தப் பக்கம் போயிடும். ஏரி இல்லாத ஊரை எவன் தலைநகர் ஆக்குவான்?"

"தலைநகர் வந்து உன் முட்டைக்கு மெத்தை போடுமாக்கும்!"

"ஒரு கோடுதானே? இந்தப் பக்கம் ஒரு சிறகு, அந்தப் பக்கம் ஒரு சிறகு. நான் உட்கார்ந்துக்கறேன்."

அவள் கத்தவில்லை. கோடு கூட்டின் நடுவே போனது.

மறுநாள் காலையிலேயே அந்தப் பக்கத்துக் காவலுக்குக் கீரி வந்து நின்றது. "ஒரு குடும்பத்துக்கு ஒரு மாவட்டம்தாம்மா. இந்த ரெண்டு முட்டை உங்க பக்கம். அந்த ரெண்டு எங்களுது. தொடக்கூடாது."

"உங்களுதா? நீயா பெத்தே?"

"மனு குடுங்க."

நெடுங்காலன் மனுவோடு ஓடினான். பிர்க்காவில் ஆமை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாலுகாவுக்கு அனுப்பியது. தாலுகாவில் ஆந்தை பகல் முழுக்கத் தூங்கியது. கடைசியில் யானை கேட்டது ஒரே கேள்விதான். "அன்றைக்கு உன் மனைவி ஏன் கத்தவில்லை?"

நெடுங்காலன் மனுவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தான். இந்தப் பக்கம் இரண்டு குஞ்சுகள். ஒரு சாண் தள்ளி, மற்ற இரண்டு முட்டைகளும் சில்லிட்டுக் கிடந்தன. செங்கண்ணி கோட்டின் மேல் அலகை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"தலைநகர் ஆற்றங்கரைக்குப் போயிடுச்சாம்" என்றான்.

"இப்ப அதை யார் கேட்டா?" என்றாள்.

அன்றிலிருந்துதான் அவர்கள் இனமான ஆள்காட்டிப் பறவை கூடு என்று ஒன்று கட்டுவதில்லை. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடுகிறது. யார் காலடி கேட்டாலும், அது கடந்துபோவதற்கு முன்பே, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது.