தூசி பார்த்து மீட்ட நான்கு பலகைகள்

ஒரு கணினியின் வயிற்றுக்குள் நினைவகம் என்றொரு கூடம் இருந்தது. கூடம் முழுக்கத் தகவல்களை வைக்கும் பலகைகள். பாட்டுக் குழுவுக்கு இத்தனை, எழுத்துக் குழுவுக்கு இத்தனை என்று அளவு உண்டு. கூடத்தைக் கவனிக்கும் மேலாளர் வேதநாயகமும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூவரில் ஏகாம்பரம் தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தான். மற்ற இருவரான சடையாண்டியும் பொன்னுரங்கமும் அதை நம்பியும் விட்டார்கள்.

அன்று வெளியே நிறைமதி என்ற சிறுமி ஒற்றை விரலால் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்திக்கு நான்கு பலகை குறைந்தது. கிடைக்காவிட்டால் கணினி நின்றுவிடும். காலையிலிருந்து அவள் தட்டியதெல்லாம் போய்விடும்.

“பாட்டுக் குழு அளவை மீறிவிட்டது. அந்தக் குழுவிடமிருந்து மட்டும் நான்கு பலகையை மீட்டுப் பின்கிடங்கில் போடுங்கள். தூசி படிந்ததாகப் பார்த்து எடுங்கள். அதுதான் நெடுநாளாக யாரும் தொடாதது. சீக்கிரம்!” என்றார் வேதநாயகம்.

ஏகாம்பரம் முதல் பலகையை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தான். கை கறுத்தது. பலகை பளபளத்தது.

“தூசி இருக்கிறதா அண்ணே?” என்றான் சடையாண்டி.

“இருந்தது. இப்போது இல்லை. விடு, அடுத்ததைப் பார்.”

இப்படியே பாட்டுக் குழுவின் இருநூறு பலகைகளையும் துடைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்றிலும் தூசி இல்லை.

பொன்னுரங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முகமும் கறுத்தது. “அண்ணே, இந்தக் கூடத்தில் தூசி படிந்திருப்பது நம் மூன்று பேர் மேல்தான்.”

ஏகாம்பரம் தன் கறுத்த கையைப் பார்த்தான். உத்தரவு உத்தரவுதானே! “அப்படியானால் கிடங்குக்குப் போகவேண்டியது நாம்தான்.”

“அதெப்படி? நாம் பாட்டுக் குழு இல்லையே?” என்றான் சடையாண்டி.

நியாயமான கேள்வி. ஏகாம்பரம் வெகுநேரம் யோசித்தான். “சரி, பாடுவோம்.”

மூவரும் மூன்று பாட்டைப் பாடினார்கள். வேதநாயகம் பதறி ஓடிவந்தார். “என்னடா கூத்து இது? அந்தப் பெண்ணின் கட்டுரை போகப்போகிறதடா!” என்று ஏகாம்பரத்தைப் பிடித்து உலுக்கினார். தூசி பறந்து அவர் மேலெல்லாம் படிந்தது.

“மூன்று தேறிவிட்டது ஐயா. இன்னும் ஒன்றுதான் பாக்கி,” என்றான் ஏகாம்பரம்.

“ஐயையோ!” என்று தலையில் அடித்துக்கொண்டு நீளமாக அலறினார் வேதநாயகம்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தூசி இருக்கிறது,” என்றான் பொன்னுரங்கம்.

“ராகமும் இருக்கிறது,” என்றான் ஏகாம்பரம்.

அவரையும் தூக்கிக்கொண்டு பின்கிடங்குக்குள் போய் உட்கார்ந்தார்கள். கூடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்த நான்கு பலகைகளும் காலி. நிறைமதி கடைசிப் பத்தியைத் தட்டி முடித்தாள்.

கிடங்குக்குள் வேதநாயகத்தின் அலறல் மட்டும் ஓயவில்லை.

“சரணத்துக்கு வந்துவிட்டார்,” என்று மற்ற மூவரும் தாளம் போட்டார்கள்.