ஊசியை மடக்கிய ஜூனிபர்

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும். போகச் சொன்னால் வேரைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் செய்யும். இமயத்தின் உயரமான சரிவு ஒன்றில் தேவதாருவும் பைனும் ஜூனிபரும் அடுத்தடுத்து நின்றார்கள். மூவரும் ஊசியிலைக் குடும்பம். மூவருக்கும் உடம்பெல்லாம் ஊசி. கட்டைபோன்ற கூம்புகள் விரிந்ததும் விதைகளைக் காற்றில் விடுவார்கள். ஜூனிபர்தான் கடைக்குட்டி, தேவதாருவின் முழங்கால் உயரம்கூட இல்லை.

ஒரு வருஷம் பனி முந்திக்கொண்டது. பள்ளத்தாக்குக்கு இறங்கத் தவறிய பூங்குருவி ஒன்று இறக்கை விறைத்து அவர்கள் காலடியில் விழுந்தது.

"பெரியம்மா, ஒரு விதை இருந்தால் கொடுங்களேன்."

"எல்லாம் காற்றோடு போயிற்றே, கண்ணு" என்றாள் தேவதாரு.

"என் கூம்பு இருக்கிறது. பல் இருந்தால் கடித்துப் பார்" என்றான் பைன்.

"எனக்கேது அண்ணா பல்லு?"

ஜூனிபரின் கூம்புகள் மட்டும் இன்னும் விரியவில்லை. "என்னிடம் வா" என்றாள். குருவி தத்தித் தத்தி அவள் மேல்கிளையில் ஏறியது.

"ஐயோ, குத்துதே!"

ஜூனிபர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முதிர்ந்த மேல்கிளை ஊசிகளையெல்லாம் செதில் செதிலாக மடக்கி, குச்சியோடு ஒட்டிப் படுக்கவைத்தாள்.

தேவதாரு பதறினாள். "அடியே, பனி உருகியதும் வரையாட்டுப் பெரியவர் எந்த மரம் எந்தக் குடும்பம் என்று பிரிக்க வருவார். ஊசி இல்லாவிட்டால் உன்னைப் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் எங்களைப் பார்க்கவே முடியாது!"

ஜூனிபர் பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மாவின் நிழல் இல்லாமல் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் கிளையில் குருவியின் நெஞ்சு படபடவென்று அடிப்பது அவளுக்குத் தெரிந்தது. கூம்புகளை இறுக மூடி, தனக்கென்று வைத்திருந்த சாற்றையெல்லாம் அவற்றுக்குள் ஊற்றினாள். கூம்பின் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டின, சதைபிடித்தன, கருநீலமாகப் பழுத்தன. பனிக்காலம் முழுக்கக் குருவி அவற்றைத் தின்று பிழைத்தது.

பனி உருகியது. வரையாட்டுப் பெரியவர் வந்தார். நின்ற இடத்திலிருந்தே ஜூனிபரைப் பார்த்தார்.

"ஊசி இல்லை. கூம்பு இல்லை. பழம் இருக்கிறது. கீழே இறங்கு."

"ஐயா, நான் இவர்கள் வீட்டுப் பெண்..."

"போன வருஷம் ஒரு ஆப்பிள் மரமும் இதையேதான் சொன்னது."

ஜூனிபர் அழுதுகொண்டே ஒரு வேரை மண்ணிலிருந்து உருவினாள். அதற்குள் குருவி பெரியவரின் கொம்பில் போய் உட்கார்ந்தது.

"கொஞ்சம் குனிந்து அவள் கீழே விட்டிருக்கும் இளங்கிளையை முகர்ந்து பாருங்களேன்."

குனிந்தார். "ஆவ்! மூக்கு போச்சு! ஊசி!"

"மூக்கு அங்கேயேதான் இருக்கிறது. இப்போது அந்தப் பழத்தின் உச்சியைப் பாருங்கள்."

உச்சியில், மூன்று செதில்கள் கூடிய இடத்தில், தைத்ததுபோல மெல்லிய கோடுகள் தெரிந்தன.

"அது பழம் இல்லை, ஐயா. வாயை மூடிக்கொண்ட கூம்பு. எனக்காக மூடினாள்."

பெரியவர் வெகுநேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "வேரை உள்ளே வை, அம்மா" என்றார் கடைசியில். "குளிரப்போகிறது."

தேவதாரு தன் தாழ்ந்த கிளையை ஜூனிபர் பக்கமாக இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

அன்று முதல்தான் ஜூனிபரின் இளங்கிளையில் ஊசியும் முதிர்ந்த கிளையில் செதிலும் இருக்கின்றன. அதன் விதை குருவியின் வயிற்றில் பயணம் போய்ப் பாறை இடுக்கில் முளைக்கிறது. அது எந்தக் குடும்பம் என்று அறிய வருகிறவர்கள் யாரானாலும் அதன் முன்னால் குனிந்து பார்க்கிறார்கள்.