நிற்கக் கூடாத டிரையர்

ஒரகடம் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி இருந்தது. அங்கே எந்த மெஷின் நின்றாலும் மேனேஜர் ஞானப்பிரகாசத்துக்குத் தன் மூச்சே நின்றுபோன மாதிரி.

ஒருநாள் கார் விளக்கு மூடிகளில் வெள்ளைக் கோடு விழுந்தது. மேனேஜர் நேராக டிரையரிடம் வந்தார். பிளாஸ்டிக் குருணையை உலர்த்தும் அந்த டிரையருக்குப் பொறுப்பு, காண்ட்ராக்ட் ஆள் செங்கமலம்.

"ஃபில்டர் பூரா தூசி சார். காத்து போகாம குருணை ஈரமாவே இறங்குது, அதான் கோடு விழுது. நிறுத்தி ஆறவெச்சுக் கழட்டினா ஒரு மணி நேரத்துல சுத்தம் பண்ணிடலாம்."

"ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. ஓடும்போதே பண்ணு. முடியலைன்னா நாளையிலேர்ந்து வராதே."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செங்கமலம் பணிவாகத் தலையாட்டினாள்.

"செஞ்சிடலாம் சார். நேத்து உங்க ரூம் ஏசி ஃபில்டரைச் சுத்தம் பண்ணின மெக்கானிக்கை மட்டும் வரச்சொல்லுங்க. ஓட ஓட எப்படிக் கழட்டினார்னு கேட்டுக்கறேன்."

"ஓட ஓடவா? ஷாக் அடிச்சுச் சாகறதுக்கா? நிறுத்திட்டுத்தான் கழட்டினான். அதுவரைக்கும் நான் கேன்டீன்ல வேர்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"அதுல வர்றது குளிர்காத்து சார். இதுல நூத்திருபது டிகிரி."

மேனேஜர் டிரையரை விட்டு ஓரடி தள்ளி நின்றார். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

செங்கமலம் மெயின் சுவிட்சை அணைத்தாள். அதில் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம் ஆகும் சார். கேன்டீன்ல உங்க நேத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு."